கொழும்புக் கோப்பை

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலர்களைப் புரட்டுவோர், அவற்றில் வெளிவரும் வரலாற்றுக் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு பொருள்களையே சுற்றி வருவதைக் காண்பர். ஒன்று, குமுளிக்கு மேலே மலைமுடியில் நிற்கும் மங்கலதேவிக் கோட்டம். மற்றொன்று, 1895 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாற்று அணையும் அதனைக் கட்டிய பென்னிகுயிக்கும். இரண்டும் நம் பெருமைக்கு உரியனவே. ஆயினும் ஒரே தேயிலைத் தூளைப் பலமுறை கொதிக்க வைத்தால் சாயம் இறங்காது என்பதைத் தோட்டத்தில் பிறந்த நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டுவதில்லை. ஆதலின் இவ்வாண்டு வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். பந்தாட்டம் பற்றி எழுதுவது வரலாறு ஆகுமா என்று நண்பர் ஒருவர் ஐயுற்றார். படித்தபின் அன்பர்களே முடிவு செய்க.

இக்கட்டுரைக்கு வித்திட்டவன் பள்ளிச் சிறுவன் ஒருவன். 2025 ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் குவைத்து நாட்டில் வளைகுடாக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் நடைபெற்றது. பஹ்ரைன் நாட்டினர் ஓமான் நாட்டினரை இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்றனர். அரபு நாட்டார் ஆடும் ஆட்டத்தைப் பற்றி வண்டிப்பெரியாற்றில் யாருக்கு என்ன கவலை என்று எண்ண வேண்டா. கொத்து வேலைக்கும் ஓட்டுநர் வேலைக்கும் கடை வேலைக்கும் அந்நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் நம் குடியிருப்பிலும் உளர். அத்தகைய வீடு ஒன்றில் கைப்பேசியின் சிறு திரையைச் சூழ்ந்து நாங்கள் அமர்ந்திருந்தபோது அச்சிறுவன் கேட்டான்: "இவர்கள் அண்டை நாட்டார் எல்லாரும் கூடி ஆடுகிறார்களே, நம் அண்டை நாட்டாரும் நாமும் இப்படி ஆடியதே இல்லையா, மாமா?"

ஆடியதுண்டு. அரபு நாட்டார் தொடங்குவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்னரே ஆடியதுண்டு. அதன் பெயர் கொழும்புக் கோப்பை.

1952 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொழும்பு நகரில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாட்டுக் கால்பந்துக் குழுக்கள் கூடின. நான்கும் அண்மையில் விடுதலை பெற்ற நாடுகள். பாகிஸ்தானும் இந்தியாவும் 1947 ஆகஸ்டில் தம் கொடியை ஏற்றின; 1948 ஜனவரி 4 ஆம் நாள் பர்மாவும், பிப்ரவரி 4 ஆம் நாள் இலங்கையும் ஏற்றின. ஒரே வீட்டில் ஆறு மாதத்துக்குள் நான்கு தொட்டில் கட்டினாற்போல என்று சொல்லலாம். ஒரே வீடு என்பதும் வெற்றுரை அன்று. பாகிஸ்தான் பிரிந்து ஐந்தாண்டு நிறையவில்லை. பர்மாவோ 1937 வரையில் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. இரங்கூன் நகரில் 1931 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது குடிமக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்.

போட்டியின் முறை எளியது. ஒவ்வொரு குழுவும் ஏனைய மூன்றுடனும் ஒருமுறை மோதும். வென்றவருக்கு இரண்டு புள்ளி. சமமாயின் ஆளுக்கு ஒன்று. இறுதி ஆட்டம் என்று தனியே ஒன்று இல்லை. புள்ளி மிகுந்தவருக்குக் கோப்பை. முதலாண்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய ஆட்டத்தில் எவரும் கோல் அடிக்கவில்லை. புள்ளியும் இருவருக்கும் ஒத்து நின்றமையால் கோப்பையை இருவருமே பகிர்ந்துகொண்டனர். பிரிவினையின்போது பாய்ந்த குருதியின் ஈரம் நெஞ்சங்களில் உலராத காலம் அது. காசுமீரப் போர் ஓய்ந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பங்கு பிரித்ததில் எல்லாம் பகை கண்ட இரு நாடுகள், ஒரு கோப்பையைப் பங்கிட்டுக்கொள்வதில் பகை காணவில்லை. இச்செய்தியைப் படித்தபோது சற்று நேரம் நூலை மூடி வைத்துவிட்டேன்.

அக்காலத்து ஆட்டத்தைப் பற்றி இன்றைய இளைஞருக்கு ஓரிரு சொல் கூற வேண்டும். இந்திய ஆட்டக்காரருள் பலர் அன்று வெறுங்காலுடன் ஆடினர். காலில் துணிப்பட்டை சுற்றிக்கொள்வதே அவர்கள் அறிந்த காப்பு. 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் அவ்வாறு ஆடியே பிரான்சு நாட்டினரை நடுங்க வைத்தனர். அவ்வாட்டத்தில் இந்தியா ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றது. இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டதே தோல்விக்குக் காரணம். இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூர்ச் சாரங்கபாணி இராமன். 1951 இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை ஒரு கோலால் வென்று இந்தியா தங்கம் பெற்றது. கொழும்பில் ஆடியது அந்தப் பெருமிதத்தோடு. ஆனால் அதே 1952 ஜூலைத் திங்களில் எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியர் பத்துக்கு ஒன்று என்று நம்மை மிதித்தெழுந்தனர். அதன் பின்னரே காலணி கட்டாயமாக்கப்பட்டது. மழையிலும் சேற்றிலும் வெறுங்காலுடன் பந்துதைத்து வளர்ந்த நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அந்தத் தோல்வியின் வலி எளிதில் விளங்கும். ஈரத் திடலில் காலணியின் ஆணிக்கு நிகராக எந்தக் கட்டைவிரல் ஊன்றி நிற்கும்?

நிற்க. 1953 இல் போட்டி இரங்கூனுக்குச் சென்றது. 1954 டிசம்பரில் கல்கத்தாவுக்கும், 1955 டிசம்பரில் டாக்காவுக்கும் சென்றது. மூன்றிலும் கோப்பை இந்தியாவுக்கே. ஆண்டுக்கு ஆறு ஆட்டம், நான்காண்டில் 24 ஆட்டம். கொழும்புக் கோப்பையின் வரலாறு அவ்வளவே. அதற்குப் பிறகு அது நடைபெறவில்லை.

இத்துணைக் குறுகிய காலத்தில் அது விட்டுச் சென்றதும் சிறிதன்று. டாக்காப் போட்டியில் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் முதன்முதலாக இந்தியச் சட்டையை அணிந்தார். அவரே பின்னாளில் பி. கே. பானர்ஜி என்று நாடெங்கும் அறியப்பட்டவர். அதே டாக்காவில்தான் நம் தமிழ்ப் பெயர் தாங்கிய பீட்டர் தங்கராசும் இந்தியாவுக்காக முதலில் ஆடினார். ஐதராபாத்தில் பிறந்த தங்கராசு படையில் சேர்ந்து, நீலகிரி மலையில் வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டுக் குழுவுக்கு ஆடியவர். முன்வரிசையில் நின்று கோல் அடித்துக்கொண்டிருந்தவரைக் கோலைக் காக்கும் இடத்தில் நிறுத்திய பின்னரே அவருடைய புகழ் ஓங்கியது. அக்குழு 1955 இலும் 1958 இலும் தூரந்துக் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குச் சென்ற கோல் காப்பாளர் இருவருள் ஒருவர் இத்தங்கராசு. மற்றவர் பாலக்காட்டு மண்ணில் பிறந்து பம்பாயில் ஆடிய எஸ். எஸ். நாராயணன். இந்தியா நான்காம் இடம் பெற்ற ஒலிம்பிக் அது. அவ்விடத்தை அதன் பின் நம் நாடு எட்டியதில்லை.

நம் பகுதிக்கும் இதில் பங்குண்டு. பீர்மேடு வட்டம் 1972 இல் இடுக்கி மாவட்டம் பிறக்கும் வரை கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததை மூத்தோர் அறிவர். அந்தக் கோட்டயத்துச் சாலி, கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் குழுவில் ஆடி, வெங்கடேசு, அப்பாராவ், தன்ராசு, அகமது கான் ஆகியோருடன் சேர்த்துப் 'பஞ்ச பாண்டவர்' என்று வங்காளத்தாரால் போற்றப்பட்டார். ஐவரும் தென்னாட்டவர் என்பதைக் கருதுக. அக்குழு 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டும் தொடர்ந்து ஐ. எப். ஏ. கேடயத்தை வென்றது. அதே குழுவில் பாகிஸ்தானின் மசூத் பக்ரியும் ஆடியிருக்கிறார். நாட்டுக்கு நாடு மோதும்போது எதிர்ப்பக்கம் நின்றவர், கல்கத்தாத் தெருக்களில் நம் குழுவின் கண்மணியாய்த் திரிந்தார். எல்லைகள் கோடுகளாக மட்டும் இருந்து, சுவர்களாக இறுகாதிருந்த காலம் அது.

இனிக் கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகிறேன். நான்கு நாட்டுப் பெயர்களை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அவற்றுள் மூன்று, நம் முன்னோர் வயிற்றுப் பாட்டுக்காகப் பெட்டி கட்டிப் புறப்பட்ட திசைகள் அல்லவா?

என் பாட்டனாருடன் பிறந்த ஆண்மக்கள் இருவர். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே குடிசையில் பிறந்த மூவரும் மூன்று வழியாகப் போயினர். பாட்டனார் கங்காணியின் பின்னே குமுளிக் கணவாய் ஏறிப் பெரியாற்றங்கரைத் தோட்டத்துக்கு வந்தார். மூத்தவர் மண்டபம் முகாமில் தங்கிக் கடல் கடந்து அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். இளையவர் கப்பலேறி இரங்கூனில் இறங்கினார். மூவரும் ஏறியது ஒரே அரசின் நிலத்தில். ஒருவரிடமும் கடவுச்சீட்டுக் கேட்டாரில்லை. 1942 இல் சப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது இளையவர் இலட்சக்கணக்கானோருடன் காட்டு வழியாக நடந்து ஊர் சேர்ந்தார். மூத்தவர் இலங்கையிலேயே இருந்தார். எனவே, 1952 இல் கொழும்பில் பந்து உருண்டபோது எம் குடும்பத்தில் இரு நாட்டார் இருந்தனர். அன்று அப்படித்தான் நினைத்திருந்தோம். சட்டம் அதற்கும் இடம் தரவில்லை.

இலங்கையில் 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் தம் வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டே, 1948 இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்நாட்டில் பிறந்தமைக்கும், தந்தை பிறந்தமைக்கும் சான்று காட்டுக என்றது சட்டம். லயத்தில் பிறந்த குழந்தைக்குச் சான்றுச் சீட்டு எங்கிருந்து வரும்? ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் ஒரு நாட்டுக்கும் உரியர் அல்லர் ஆயினர். வாக்குரிமையும் போயிற்று. 1952 மார்ச்சில் கொழும்பில் நான்கு நாட்டுக் கொடி பறக்கப் பந்தாட்டம் நடந்தது. ஏப்ரல் இறுதியில் அதே நகரில், பிரதமர் அலுவலகத்தின் முன்னே, தொண்டமான் முதலானோர் குடியுரிமை வேண்டி அறப்போர் தொடங்கினர். அது மாதக்கணக்கில் நீண்டது. இரண்டு நிகழ்ச்சிக்கும் இடையே ஐந்தாறு கிழமைகள்தாம். ஒன்றை விளையாட்டு நூலிலும் மற்றொன்றை அரசியல் நூலிலும் படிக்கின்றோம். ஒரே நூலில் எழுதி யான் கண்டதில்லை.

பர்மாவிலும் இதுவே நடந்தது, சற்றுப் பிந்தி. 1962 இல் படைத்தலைவர் நெ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. இந்தியர் இலட்சக்கணக்கில் வெறுங்கையுடன் கப்பலேறினர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தனர். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பது, மூன்று இலட்சம் பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது ஒப்பந்தம். ஆட்டத்தில் புள்ளி பிரிப்பது போல ஆள் பிரித்தனர் என்று எழுதக் கை கூசுகிறது. ஆயினும் வேறு சொல் கிடைக்கவில்லை. 1971 இல் பாகிஸ்தானும் இரண்டாயிற்று. கோப்பையின் கடைசிப் போட்டி நடந்த டாக்கா, வேறொரு நாட்டின் தலைநகர் ஆயிற்று. நால்வராய் ஆடியவரை அதே நால்வராய்க் கூட்ட இனி இறைவனாலும் ஆகாது.

நமக்கும் ஒரு கோடு விழுந்தது. 1956 நவம்பர் 1 ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது, கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதைப் பற்றி இம்மலரில் முன்னரே பலர் எழுதியுள்ளனர்; யான் அதனுள் புகவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது 1973 டிசம்பரில், எர்ணாகுளத்தில். இறுதி ஆட்டத்தில் இரயில்வே குழுவை மூன்றுக்கு இரண்டு என்று வென்றபோது, மூன்று கோலையும் அடித்தவர் தலைவர் மணி. அக்குழுவைப் பயிற்றியவர் தஞ்சையில் பிறந்த சைமன் சுந்தரராசு. 1960 உரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் அடித்தவர் அவர். தமிழர் ஒருவர் கற்றுக்கொடுக்க, மலையாளத்தார் வென்று கொண்டாடிய கோப்பை அது. மாநிலக் கோடு அந்தத் திடலின் குறுக்கே விழவில்லை.

கொழும்புக் கோப்பை ஏன் நின்றது? அரசியல் பகையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மை அன்று என்பது என் கருத்து. 1954 இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புத் தோன்றியது; 1956 இல் ஆசியக் கோப்பை தொடங்கியது; 1957 இல் கோலாலம்பூரில் மெர்டேக்காப் போட்டி தொடங்கியது. பெரிய பந்தியில் இலை விரித்ததும் அண்டை வீட்டுச் சாப்பாடு மறந்துபோயிற்று. தொடர்ந்து வென்ற இந்தியாவுக்கு, தோற்றவரோடு மீண்டும் மீண்டும் ஆடுவதில் சுவை குன்றியிருக்கவும் கூடும். தோற்ற பர்மாவோ வாளாவிருக்கவில்லை. 1966 இலும் 1970 இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்றது அந்நாடு. கடைசியாக இந்தியா அத்தங்கத்தைப் பெற்றது 1962 இல், சகார்த்தாவில்.

இப்பொழுது அச்சிறுவன் பார்த்துக்கொண்டிருந்த வளைகுடாக் கோப்பைக்கு வருவோம். அது 1970 மார்ச்சில் பஹ்ரைன் தீவில் தொடங்கியது. முதலில் ஆடியவை பஹ்ரைன், குவைத்து, கத்தார், சவுதி அரேபியா என்னும் நான்கே. அவற்றுள் பஹ்ரைனும் கத்தாரும் விடுதலை பெற்றது மறு ஆண்டில்தான். ஆக, கொழும்பைப் போலவே அங்கும் நான்கு அண்டை நாட்டார். அங்கும் விடிந்தும் விடியாத வேளை. பின்னர் ஐக்கிய அரபு நாடுகளும், ஓமானும், ஈராக்கும், நெடுங்காலம் கழித்து ஏமனும் சேர்ந்தன. குவைத்து பத்து முறை வென்றுள்ளது.

அவர்களுக்குள் பகை இல்லையா எனின், நம்மினும் மிகுதி. 1990 இல் குவைத்தில் போட்டி நடந்தபோது ஈராக்கு இடையிலேயே வெளியேறியது. சில மாதங்களில் அதன் படை குவைத்துக்குள் புகுந்தது. அந்தப் போரில் நம் நாட்டுத் தொழிலாளர் பட்ட பாட்டை அறிவீர்கள். அதன் பின் 2004 வரை ஈராக்குக்கு அப்போட்டியில் இடமில்லை. எனினும் அது திரும்பி வந்தது. 2023 இல் பசுரா நகரில் தானே போட்டியை நடத்தித் தானே வென்றது. 2017 இல் கத்தாரோடு சவுதி அரேபியாவும் ஐக்கிய அரபு நாடுகளும் பஹ்ரைனும் உறவை அறுத்துக்கொண்டன. 2019 இல் கத்தாரின் தோகா நகரில் போட்டி நடக்கவிருந்தபோது, முதலில் வாரோம் என்ற அம்மூன்றும் பிறகு வந்தன. கோப்பையை வென்றதும் பஹ்ரைனே. மன்னர்கள் கைகுலுக்கியது அதற்கு ஓராண்டுக்குப் பின்னர், 2021 ஜனவரியில். எண்ணெய்ச் செல்வம் இருப்பதால் ஆடுகிறார்கள் என்று நம்மவர் சொல்வர். வெறுங்காலால் நான்கு நாட்டார் கூடி ஆடியபோது நம்மிடம் எந்த எண்ணெய் இருந்தது?

தென்னாசிய அண்டை நாடுகளுக்கென்று தனியே ஒரு போட்டி மீண்டும் 1993 இல்தான் இலாகூரில் தொடங்கியது. இடையே 38 ஆண்டுகள். இந்தியா வென்றது. 1995 இல் கொழும்பிலேயே நடந்தபோது இலங்கை இந்தியாவை வென்று கோப்பையைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டது; நாற்பது ஆண்டுக் கடன் தீர்ந்தது எனலாம். பர்மா அதில் இல்லை. 2023 இல் பெங்களூரில் அப்போட்டி நடந்தபோது, பாகிஸ்தான் குழுவினர் விசா கிடைக்கத் தாமதமாகி, ஆட்டம் நடக்கும் நாளிலேயே வந்து இறங்கி அன்று மாலையே ஆடினர். ஆட்களைக் கூட்ட அயலாரையும் விருந்தாக அழைத்திருந்தனர். அவ்வாறு வந்த குவைத்துதான் இறுதி ஆட்டத்தில் இந்தியாவோடு மோதியது. ஒன்றுக்கு ஒன்று என்று நின்று, பெனால்டியில் ஐந்துக்கு நான்கு என்று இந்தியா வென்றது. அண்டை வீட்டாரை ஒன்றாக உட்கார வைக்க முடியாத நாம், கடல் கடந்த குவைத்தாரை அழைத்துப் பந்தி நிறைத்தோம்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய பின்னர் ஒருநாள் வல்லக்கடவு வழியாகக் கவிக்குச் சென்றேன். இலங்கையிலிருந்து ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்களுள் சிலரைக் கேரள வனவளர்ச்சிக் கழகம் அங்கே ஏலத் தோட்டத்தில் குடியமர்த்தியது நீங்கள் அறிந்ததே. அங்கு ஒரு பெரியவரைக் கண்டேன். அட்டன் பக்கத்து லயத்தில் பிறந்தவர். 1952 இல் பன்னிரண்டு வயது. என் பாட்டனாரின் அண்ணன் இருந்த தோட்டத்தையும் அறிந்திருந்தார். கொழும்புக் கோப்பையைப் பற்றித் தோட்டத்தில் பேசிக்கொண்டார்களா என்று கேட்டேன். கடையில் வானொலி இருந்தது, பெரியவர்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது என்றார்.

"ஐயா, நீங்கள் அன்று எந்தக் கட்சி? இந்தியாவா, இலங்கையா?"

"அதை யார் தம்பி எங்களைக் கேட்டார்கள்?" என்று சிரித்தார். பிறகு, "யார் வென்றது?" என்றார்.

இந்தியாவும் பாகிஸ்தானும் பகிர்ந்துகொண்டன என்று சொன்னேன். அவர் ஏலக்காயைப் புடைத்துக்கொண்டிருந்த மருமகளிடம் திரும்பி, எனக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னார். தேநீர் வரும் வரையில் ஒன்றும் பேசவில்லை. குவளையை என் கையில் கொடுத்துவிட்டு, "அதில் நம் ஆள் யாராவது ஆடினார்களா?" என்று கேட்டார்.